விண்டர்டூரில் ஒரு சனி ஞாயிறு: குன்னூர் ஷெட்காரன் கணக்கு

"மொத்தம் எவ்ளோ ஆச்சுங்க மேஸ்திரி?"

ஜெர்மனியில் படிக்கும் மகள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து சுவிட்சர்லாந்தின் விண்டர்டூரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியதும், குன்னூர் ஸ்டேஷனுக்கு எதிரில் டீ குடிக்கும் எங்கள் பழைய கூட்டம் கேட்ட முதல் கேள்வி இது. மலை எப்படி, பனி எப்படி என்பதெல்லாம் இரண்டாவது டீக்குத்தான் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் ரயில்வே பாஸில் போய்ப் பழகியவர்கள் நாங்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவனைக் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்ப்போம். ஆகவே கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் மகளும், சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினோம். ஒரு ராத்திரி தங்கல். 201 சுவிஸ் பிராங்க். 2025 மே மாத விலையில் ஏறக்குறைய 20,500 ரூபாய். அதே மே மாசத்தில் இ-பாஸ் எடுத்து, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து ஊட்டிக்கு ஏறி, வண்டி நிறுத்த இடமில்லாமல் அலைந்து, ஒரு ராத்திரி அறை எடுத்து இறங்கும் குடும்பங்கள் என்ன செலவு செய்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கின் பக்கத்தில் வைத்தால் இது பெரிய தொகை இல்லை.

ஜெர்மனிக்குள் போன ரயில் செலவு இதில் சேராது. அதற்கு ஒரு சூட்சுமம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எதற்காக விண்டர்டூர் என்று கேட்டார்கள். சுவிட்சர்லாந்து போகும் நம்மவர்கள் சூரிச்சில் இறங்கி, லூசர்ன் பாலத்தில் நின்று, யுங்ஃப்ராவ் பனியில் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார்கள். விண்டர்டூர் யார் பட்டியலிலும் கிடையாது. என் பட்டியலில் மட்டும் முப்பது வருஷமாக அது ஒன்றுதான் இருந்தது. லோகோ ஷெட்டில் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை எஞ்சின் துடைப்பது. காட்டன் வேஸ்ட்டை எண்ணெயில் நனைத்து பித்தளைத் தகட்டைத் தேய்த்தால் எழுத்து மேலே வரும்: ஷ்வைட்சரிஷே லோகோமோட்டிவ் உண்ட் மஷீனென்பாப்ரிக், விண்டர்டூர். முதல் நான்கு வார்த்தையை யாராலும் படிக்க முடியாது. கடைசி வார்த்தையை 'வின்டர் தர்' என்று படித்து, எப்போதும் பனிக்காலமாக இருக்கும் ஊர் போல என்று நினைத்துக்கொண்டேன். அங்கே போனபோது மே மாச வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். பெயருக்கும் பனிக்கும் சம்பந்தமே இல்லையாம். ரோமானியர் காலத்தில் விட்டுடூரும் என்றிருந்த பெயர் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆகியிருக்கிறது.

நம் மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914இலிருந்து 1952 வரை அங்கே செய்து கப்பலில் வந்தவை. பிற்பாடு நம் பொன்மலைப் பணிமனையிலும் அதே மாதிரியில் புதிதாகச் செய்தார்கள். அது நமக்குப் பெருமைதான். ஆனால் மூலம் விண்டர்டூர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சட்டப் பாதை, தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் ஓடும். சாதாரணத் தண்டவாளத்தில் ஓடும்போது ஹை பிரஷர் சிலிண்டர் இரண்டு மட்டும் சக்கரத்தை ஓட்டும். பல்சட்டத்தில் ஏறியதும், அந்தச் சிலிண்டரில் வேலை முடித்த நீராவி வெளியே போகாமல் லோ பிரஷர் சிலிண்டர் இரண்டுக்கும் போய், பல்சட்டத்தைக் கவ்வும் பல்சக்கரமான பினியனைச் சுற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு தடவை வேலை வாங்குவது. அவ்வளவு சிக்கனத்தை இரும்பில் வார்த்து அனுப்பிய ஊரில் ஒரு காப்பி ஐந்து பிராங்க். ஐந்நூறு ரூபாய்க்கு மேல். அதை நினைத்து நினைத்துக் குடித்ததில் காப்பி ஆறிப்போனது.

ரிட்டையர் ஆவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு தகட்டின் மேல் பழுப்புத் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து எழுத்தை எடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாளைச் சுருட்டி, ஒரு கிலோ ஊட்டி வர்க்கியோடு பெட்டியில் போட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

இப்போது ரயில் விஷயம்.

மகள் படிப்பது கார்ல்ஸ்ருஹேயில். ஜெர்மனியில் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்று ஒரு மாதச் சீட்டு உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஆரம்பித்தது. நான் போனபோது 58, 2026 ஜனவரி முதல் 63. நாடு முழுக்க ஊர் பஸ், டிராம், மெட்ரோ, வட்டார ரயில் எல்லாவற்றிலும் அந்த மாதம் முழுக்கப் போய்வரலாம். அதிவேக வண்டியில் மட்டும் ஏறக்கூடாது. ஒரு மாதம் அங்கே இருந்த நான் காய்கறி வாங்கப் போனதிலிருந்து பூங்காவுக்கு நடக்கப் போனது வரை அதில்தான் ஓட்டினேன், அதனால் அந்த 58ஐ இந்தப் பயணக் கணக்கில் எழுதவில்லை. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது சந்தா. நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாதப் பணத்தையும் எடுத்துவிடுவார்கள். நான் 3ஆம் தேதியே மகளை நச்சரித்து ரத்து செய்ய வைத்தேன்.

கார்ல்ஸ்ருஹேயிலிருந்து கான்ஸ்டான்ஸ் போகும் வட்டார ரயில் கருங்காட்டு மலைப்பாதை வழியாகப் போகிறது. மாதச் சீட்டிலேயே போகலாம், தனிக் காசு இல்லை. இந்தப் பயணத்தில் எதற்கு அதிக மார்க் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஒஃபன்பூர்க்கிலிருந்து சிங்கன் வரை 149 கிலோமீட்டர், 1873இல் முழுமையாகத் திறந்த பாதை, கட்டியவர் ராபர்ட் கெர்விக். பல்சட்டம் போடாமல் மலை ஏறியிருக்கிறார். எப்படி என்றால், வளைத்து வளைத்து. ஹோர்ன்பெர்க் என்ற ஊரிலிருந்து சாங்க்ட் கேயோர்கனுக்குக் காக்கை பறந்தால் 11 கிலோமீட்டர். ரயில் 26 கிலோமீட்டர் ஓடுகிறது. சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால், பத்து நிமிஷம் முன்னால் பார்த்த அதே தேவாலயக் கோபுரம் மறுபக்கத்து ஜன்னலில், பள்ளத்தில் கிடக்கிறது. சுரங்கம் நாற்பதுக்குப் பக்கம். நம் பாதையில் 16.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலில் மூக்கை வைத்து ஏற்றத்தை அளந்துகொண்டு வந்தேன். அங்கே 50 அடி போனால் ஓர் அடி ஏற்றம். நமக்கு 12½ அடிக்கு ஓர் அடி. அதாவது நாலு மடங்கு செங்குத்து. அப்படிப் போட்டதால்தான் மேட்டுப்பாளையத்தில் 326 மீட்டரில் கிளம்பும் வண்டி 46 கிலோமீட்டருக்குள் ஊட்டியில் 2,203 மீட்டருக்கு வந்து நிற்கிறது. கெர்விக் பாதையின் உச்சி சொம்மராவ், 832 மீட்டர். நம் பாதையில் ஹில்குரோவ் ஸ்டேஷனைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். இதைச் சொன்னதும் எங்கள் டீக்கூட்டத்தில் ஒருவர் மேஜையைத் தட்டினார். நியாயமாகப் பேச வேண்டுமென்றால், அவர் பாதையில் இரட்டைத் தண்டவாளம், மின்சாரம், மணிக்கு மணி வண்டி. நம்முடையதில் மழை கொஞ்சம் பலமாகப் பிடித்தால் பாறை உருண்டு ஒரு வாரம் சர்வீஸ் நின்றுபோகிறது.

சிங்கனில் மாறி ஷாஃப்ஹவுசன். இருபது நிமிஷத்துக்குள் நாடு மாறிவிடுகிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை. சுவிட்சர்லாந்து 2008 கடைசியிலிருந்து ஷெங்கனில் இருப்பதால் ஒரே விசா போதும். ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும், எப்போதாவது ரயிலுக்குள்ளேயே ஏறிப் பார்ப்பார்களாம். கவனிக்க வேண்டியது போன்தான். அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஜெர்மன் சிம்மில் அங்கே இன்டர்நெட் ஓடினால் காசு தனியாகக் கழன்றுவிடலாம். ரயில் எல்லையைத் தாண்டும் முன்னாலேயே மகள் இரண்டு போனிலும் டேட்டாவை அணைத்தாள். மாதச் சீட்டு ஷாஃப்ஹவுசன் வரை செல்லும். அங்கிருந்து விண்டர்டூருக்கு அரை மணி நேரம், அதற்கு டிக்கெட் தனி. போக, வர, இரண்டு பேருக்கும் சேர்த்து 50 பிராங்க் ஆயிற்று. எங்கள் செலவில் நாலில் ஒரு பங்கு இந்த ஒரு மணி நேரத்துக்கு.

அந்த அரை மணியில் நான் ஒரு தப்பும் செய்தேன். காலியாக இருந்த நல்ல இருக்கையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். எதிரில் இருந்த அம்மா ஒருவர், பேசாமல், கண்ணாடிக் கதவில் இருந்த '1' என்ற எண்ணை விரலால் காட்டினார். முதல் வகுப்பு! அதே பெட்டியில் பாதி முதல் வகுப்பு, பாதி இரண்டாம் வகுப்பு. வெளியே ஓரமாக ஒரு மஞ்சள் கோடு போட்டிருப்பதோடு சரி. டிக்கெட் பரிசோதகர் வந்திருந்தால் அபராதத்தில் எங்கள் பட்ஜெட் கவிழ்ந்திருக்கும். முப்பத்து மூன்று வருஷ ரயில்வேக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு மகள் பின்னால் நடந்தேன். அவள் சிரிப்பை அடக்கவே இல்லை.

விண்டர்டூர் ஸ்டேஷனில் இறங்கியதும் அரை மணி நேரம் நான் ஓர் இடத்தில் நின்றேன் என்றால் அது கடிகாரத்தின் கீழே. எண் இல்லாத வெள்ளை முகம், கறுப்பு முள், நொடிக்குச் சிவப்பு முள். சிவப்பு முள் நுனியில் ஒரு வட்டம். வண்டியை அனுப்ப நடைமேடையில் காட்டும் வட்டப் பலகையின் வடிவம் அது. இந்த முள் ஒரு சுற்றை 58 நொடிக்குச் சற்று மேலாக எடுத்து முடித்துவிட்டு, பன்னிரண்டில் வந்து நின்றுவிடுகிறது. தலைமைக் கடிகாரத்திலிருந்து நிமிஷத் துடிப்பு வந்ததும் பெரிய முள் ஒரு எட்டு வைக்கிறது, சிவப்பு மறுபடி கிளம்புகிறது. ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் என்கிற ரயில்வே எஞ்சினியர் 1944இல் செய்தது, சிவப்பு முள் 1953இல் சேர்ந்தது. நாட்டில் அநேகமாக எல்லா ஸ்டேஷனிலும் இதேதான். காசு கொடுக்காமல் பார்க்கக் கூடியவற்றில் இதற்கு நான் முதல் இடம் கொடுப்பேன். "அப்பா, பசிக்குது" என்று மகள் மூன்றாவது தடவை சொன்னபோதுதான் நகர்ந்தேன்.

மதியத்துக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தோம். பழைய நகரத்தில் மார்க்ட்காஸே என்ற கடைத்தெரு, வண்டிகள் வராது. ஒரு நீரூற்றுத் தொட்டி ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தண்ணீரை அந்தத் தொட்டிக் குழாயிலேயே பிடித்துக்கொள்ளலாம், குடிக்கக் கூடாதென்றால் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கவில்லை இரண்டு நாளும். பக்கத்தில் நகரத் தேவாலயம் இருக்கிறது, ஸ்டாட்கிர்ஷே. வெளியே இருந்து பார்த்தால் சாதாரணம். உள்ளே நாலு சுவரும் மேலே வரை வண்ண ஓவியம். 1920களில் பால் சேண்டர் என்பவர் தீட்டியது. சீர்திருத்தச் சபைக் கோயில்களில் சுவர் வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கட்டணம் இல்லை. ஊருக்கு வெளியே டெக்னோராமா என்று பெரிய அறிவியல் கூடம் உண்டு, குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அது நல்ல இடமாம். நுழைவுக் கட்டணம் எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவைத் தாண்டியது. போகவில்லை.

சாயங்காலம் எஞ்சின் தொழிற்சாலை இருந்த இடத்துக்குப் போனோம். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம்தான். 1834இல் சுல்ட்சர் சகோதரர்கள் வார்ப்படச் சாலை தொடங்கிய ஊர் இது. 1871இல் சார்ல்ஸ் பிரவுன் என்ற இங்கிலாந்துக்காரர் எஞ்சின் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கிருந்து 5,000க்கும் மேற்பட்ட எஞ்சின்கள் வெளியே போயிருக்கின்றன. 1990களின் கடைசியில் தொழிற்சாலையைப் பிரித்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும், போனால் எங்காவது ஒரு ஓரத்தில் ஒரு பாய்லர், ஒரு ஜோடி சக்கரம், நம் பினியன் ஒன்றாவது இருக்கும் என்று ஒரு நினைப்பு.

இடத்துக்கு இப்போது லோக்ஸ்டாட் என்று பெயர், எஞ்சின் நகரம். அடுக்குமாடி வீடுகள். ஒரு பெரிய மரக் கட்டடத்துக்கு 'குரோகோடில்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதலை என்பது இதே தொழிற்சாலையில் செய்த பச்சை நிற மின்சார எஞ்சினின் செல்லப் பெயர். செங்கல் கூடங்கள் சில இடிபடாமல் நிற்கின்றன. பக்கத்துத் தெருவில், பாய்லர் அடித்த ஒரு கூடத்தில் கட்டடக்கலைக் கல்லூரி நடக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாய்லர் போகும் உயரத்துக்குக் கட்டிய கூரைக்குக் கீழே, அட்டையில் சின்னச் சின்ன வீடு செய்து ஒட்டிக்கொண்டிருந்தார்கள் பிள்ளைகள். ரிவெட் அடிக்கும் சத்தத்தில் ஒருவருக்கொருவர் கை ஜாடையில் பேசியிருப்பார்கள் அந்த இடத்தில். இப்போது காப்பி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

தாளை விரித்து அங்கே போன இரண்டு மூன்று பேரிடம் காட்டினேன். மகள் ஜெர்மனில் எடுத்துச் சொன்னாள். சைக்கிளில் வந்த இளைஞன் ஒருவன் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகாக இருக்கிறது, இது நீங்கள் வரைந்ததா?" என்று கேட்டான். இந்த எஞ்சின் இன்றைக்கும் காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறது என்று மகள் சொன்னதை அவன் நம்பினானா என்று தெரியவில்லை. நம் எஞ்சின் முன்னால் இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும் என்பதையும் சொல்லச் சொன்னேன். அதற்கு அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பழைய எஞ்சினைப் பார்ப்பதே ஆசை என்றால் ஊர் இதுவல்ல, சுவிஸ் ஆல்ப்ஸ் மலையில் இருக்கும் ஃபுர்க்கா கணவாய். அங்கே விண்டர்டூர் எஞ்சின்கள் நீராவியில் ஓடுகின்றன. அதில் சில 1947இல் வியட்நாமின் தலாத் மலை ரயிலுக்கு விற்கப்பட்டு, அங்கே காட்டில் துருப்பிடித்துக் கிடந்தவற்றை 1990இல் திரும்ப அள்ளிக்கொண்டு வந்தவை. தலாத்தும் நம் ஊர் மாதிரி வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து கட்டிய மலை ஊர்தான். ஃபுர்க்கா போக ஆகும் செலவை மகள் போனில் காட்டினாள். நான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

தங்கிய இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இளைஞர்கள் தங்கும் விடுதி, ஓர் அறையில் ஆறு படுக்கை, ஆளுக்கு 48 பிராங்க். துப்புரவுக்கு நூற்றுக்கு நூறு. குளியலறையில் வெந்நீர் குன்னூரில் ஜனவரியில் கனவு காணும் வெந்நீர். மற்றதெல்லாம் சண்டை. முதலாவது, இரண்டு பேருக்கும் மேல் படுக்கை கொடுத்தார்கள். எனக்கு 62 வயது. லோயர் பெர்த் கோட்டா என்ற பேச்சே அங்கே கிடையாது. கீழே படுத்திருந்த பையன் ஒருவன் நான் ஏணியில் கால் வைக்கிற அழகைப் பார்த்துவிட்டு, தன் தலையணையை எடுத்துக்கொண்டு தானே மேலே போய்விட்டான். எந்த நாட்டுப் பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும். இரண்டாவது, லாக்கருக்குப் பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டுமாம். முன்பதிவு செய்யும்போது இதை எங்கும் சொல்லவில்லை. கவுன்டரிலேயே பூட்டு விற்கிறார்கள், 9 பிராங்க். தொள்ளாயிரம் ரூபாய்க்கு மேல்! ஓட்டுப்பட்டறை கடையில் அதே அளவுப் பூட்டு நூற்றைம்பதுக்குக் கிடைக்கும், அதுவும் சாவி மூன்று. வாங்கினேன். வாங்கித்தான் ஆக வேண்டும், உள்ளே பாஸ்போர்ட் இருக்கிறது.

மூன்றாவது எங்கள் தப்பு. ராத்திரிக்குக் கஞ்சி வைத்துக்கொள்ளலாம் என்று மகள் குட்டி ரைஸ் குக்கர் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஜெர்மன் பிளக் குண்டாக, வட்டமாக இருக்கும். சுவிஸ் சுவரில் இருப்பது சின்ன அறுகோணக் குழி, மூன்று ஓட்டை. நுழையவே இல்லை. போன் சார்ஜரின் தட்டையான, இரட்டை முள் பிளக் இரண்டு நாட்டிலும் போகிறது, குண்டு பிளக் போகாது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஒரு பிளக்கில் ஒத்துப்போக முடியவில்லை. குக்கரைச் சும்மா சுமந்துகொண்டு போய்ச் சும்மா சுமந்துகொண்டு வந்தோம்.

அதனால்தான் அந்தத் தமிழ்க் கடை கிடைத்தது. குக்கர் கைவிட்ட வயிற்றோடு ஏழு மணிக்குத் தெருவில் நடந்தபோது, கண்ணாடியில் தமிழில் 'இடியப்பம்' என்று எழுதியிருந்தது. சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், எண்பதுகளில் போர் துரத்தி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். சின்னக் கடைதான். முருங்கைக்காய், வல்லாரை, கருவாடு, ஒரு கண்ணாடிப் பெட்டியில் சூடாக ரோல்ஸ்.

"எங்க இருந்து வாறீங்கள் ஐயா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"நீலகிரிங்க. குன்னூர்."

"ஊட்டிப் பக்கமோ? எங்கட ஆக்கள் கனபேர் அங்க இருக்கினம் என்று சொல்லுவினம்."

இருக்கிறார்கள். அவர் சொன்னது இலங்கை மலையகத்து மக்களை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்து, கோத்தகிரியிலும் கூடலூரிலும் குன்னூரிலும் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். என் மனைவியின் அப்பா அம்மாவும் ஹட்டனிலிருந்து அப்படி வந்தவர்கள்தான். மனைவி இன்றைக்கும் தேங்காய்ச் சம்பலைச் 'சம்பல்' என்றுதான் சொல்வாள், துவையல் என்று சொல்ல மாட்டாள். இதைச் சொன்னதும் அவர் கல்லாவை விட்டு வெளியே வந்துவிட்டார். இடியப்பம், சொதி, சம்பல், நாலு ரோல்ஸ், இரண்டு டீ: 22 பிராங்க். சம்பல் இரண்டாவது தடவை வைத்ததற்குக் காசு வாங்கவில்லை. விண்டர்டூரில் சாப்பாட்டுக்கு நான் மார்க் போட்டால் அந்தக் கடைக்கு மட்டும்தான் போடுவேன். பையில் மீதி இருந்த வர்க்கியைப் பொட்டலத்தோடு கொடுத்தேன். ஒன்றை டீயில் முக்கித் தின்றுவிட்டு, "இது பிஸ்கட்டோ, ரொட்டியோ?" என்றார். குன்னூரில் பிறந்த எனக்கே அதற்குப் பதில் தெரியாது.

தாளை அவருக்கும் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தார். "நான் இருபத்தெட்டு வருசமா இந்த ஊர். இப்பிடி ஒரு ஃபக்டரி இருந்தது தெரியும். எங்கட பக்கத்துக்கு அனுப்பினது தெரியாது" என்றார். தன் போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு. ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடை கிடையாது என்பதை இந்தப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் மறந்துவிடுகிறோம். ஊர் முழுக்கக் கதவு சாத்தியிருக்கும். ஸ்டேஷனுக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். ரொட்டியும் வாழைப்பழமும் அங்கே வாங்கிக்கொண்டு, ஷாஃப்ஹவுசன் வந்து, அங்கிருந்து ரைன் ஆற்றோரமாக நடந்தே ரைன் அருவிக்குப் போனோம். நிதானமாக நடந்து ஒரு மணி நேரம். அருவிக்கு இரண்டு கரை. கோட்டை இருக்கும் லாவ்ஃபன் பக்கத்தில் மேடைக்குப் போகக் கட்டணம். நொய்ஹவுசன் பக்கத்தில் இலவசம். எந்தப் பக்கம் போனோம் என்று சொல்ல வேண்டியதில்லை. முழு அருவியும் ஒரே பார்வையில் தெரிவது இலவசப் பக்கத்திலிருந்துதான் என்பது உபரி லாபம்.

உயரம் 23 மீட்டர்தான். கோத்தகிரி கேத்தரின் அருவியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பார்த்ததும் "இவ்வளவுதானா" என்றேன். பக்கத்தில் போனபிறகு வாயை மூடிக்கொண்டேன். அகலம் 150 மீட்டர், ஓர் ஆறு முழுசாக வந்து விழுகிறது. காலடியும் கைப்பிடிக் கம்பியும் அதிர்கின்றன. எஞ்சின் மூச்சு வாங்கி நிற்கும்போது டிரைவர் நிற்கும் ஃபுட்பிளேட்டில் நின்றால் உள்ளங்காலில் ஏறும் அதிர்வு அது. அரை மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீரைப் பார்த்ததைவிடக் கையில் வாங்கியதுதான் அதிகம்.

திரும்பும் வழியில் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பேரும் தூங்கிவிட்டோம், கெர்விக்கின் வளைவுகள் எல்லாம் வீணாயின.

போகலாமா என்று கேட்பவர்களுக்கு: சுவிட்சர்லாந்து என்றால் பனிமலை என்று மனசில் இருந்தால் விண்டர்டூர் போகாதீர்கள், ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே மலையே கிடையாது, சுற்றிலும் காட்டு மேடுகள், நடுவில் ஒரு வேலைக்கார ஊர். சனி காலை போய் ஞாயிறு காலை கிளம்பினால் போதும், அதற்கு மேல் தங்க ஒன்றுமில்லை. கருங்காட்டுப் பாதையில் போகும்போது தூங்காதீர்கள், வரும்போது தூங்கலாம். படுக்கையைப் பதிவு செய்யும் முன்னால் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். குண்டு பிளக் எதையும் எடுத்துப் போக வேண்டாம். பூட்டு ஒன்று கட்டாயம் எடுத்துப் போங்கள்.

அந்த 9 பிராங்க் பூட்டை நான் விட்டுவிட்டு வரவில்லை. கணக்கைப் படித்த மனைவி முதலில் கேட்டதே அதைத்தான். இப்போது வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் தொங்குகிறது. போன வாரம் கரடி வந்து கொட்டகைக் கதவை ஒரு பக்கமாகப் பிய்த்துவிட்டது. பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.